தஞ்சைப் பெரிய கோயில் உள்சுற்று ஓவியங்கள்: விஆரில் முதலில் காட்ட வேண்டியது இதைத்தானே?

#1 மேலவீதி

சமீபமாக எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் ஒரு மூலையில் விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடி வைத்திருக்கிறார்கள். மாட்டிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிவது டிரோன் எடுத்த கோபுரம். இல்லையென்றால் வெளியே வாசலிலேயே நிற்கிற கட்டடம். நேரிலேயே நன்றாகப் பார்க்க முடிகிற ஒன்றைக் கண்ணாடிக்குள் காட்ட அவ்வளவு செலவு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பணத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று எங்கள் ஊரிலேயே காத்துக் கிடக்கிறது, அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பெரிய கோயில் கருவறையைச் சுற்றி இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓர் இருட்டுப் பாதை ஓடுகிறது. ராஜராஜன் காலத்து ஓவியங்கள் அங்கேதான் இருக்கின்றன. கோயில் 1010-இல் முடிந்தது. ஓவியங்களுக்கும் ஏறக்குறைய அதே வயது. நாயக்கர் காலத்தில் அவற்றின்மேல் இன்னொரு பூச்சுப் பூசி வேறு ஓவியம் தீட்டிவிட்டார்கள். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி உள்ளே போய்ப் பார்த்து, மேல்பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் இருக்கிறது என்று வெளியே சொன்ன பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. பிற்பாடு தொல்லியல் துறை சில இடங்களில் நாயக்கர் அடுக்கைச் சேதமில்லாமல் பெயர்த்தெடுத்துத் தனிப் பலகைகளில் ஏற்றியது. அதனால் அந்த இடங்களில் இரண்டு காலத்து ஓவியமும் பிழைத்தது.

பாதை பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. திறக்கவும் கூடாது என்றுதான் நான் சொல்வேன். அத்தனை குறுகலான இடத்தில் நாள் முழுக்க ஆள் நடந்தால் மூச்சுக்காற்றின் ஈரமே சுவரைக் கெடுத்துவிடும். கோயில் வளாகத்து விளக்கக்கூடத்தில் படங்களாக வைத்திருக்கிறார்கள், நானும் அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டவன்தான். சுந்தரர் கதைச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே, கிழவர் வேடத்தில் வந்த சிவன் கையில் ஓலையோடு சபைக்கு முன்னால் நின்று ‘இவன் எனக்கு அடிமை’ என்று வழக்காடுகிறார். கண்ணை மேலே கொண்டுபோனால் அதே சுந்தரர் வெள்ளை யானையில், சேரமான் பெருமாள் குதிரையில், இருவரும் கயிலைக்குப் போகிறார்கள். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டிய சுவர் இது. தனித்தனிப் படமாகச் சட்டம் போட்டு மாட்டினால் அந்த ஓட்டம் போய்விடுகிறது.

அதற்கு மேல்தளத்தில் கரணங்கள், அதாவது நடன நிலைகளின் சிற்பங்கள். 108-இல் 81 செதுக்கியிருக்கிறார்கள், மிச்சம் 27 கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. அதையும் நாம் போய்ப் பார்க்க முடியாது.

பூட்டிக் கிடக்கிற இந்த இரண்டு தளங்களையும் விட்டுவிட்டு கோபுரத்தை ஏன் திரும்பத் திரும்பக் காட்டுகிறோம்? இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

#2 கூடக்காப்பாளர்

மேலவீதி ஐயா, கேள்வி சரியானது. நான் சிறிய அருங்காட்சியகம் ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவன். எதைக் காட்டுவது என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். எதில் காட்டுவது என்பதில் மாற்றுக் கருத்து உண்டு.

ஒரு கணக்குப் போடுங்கள். பள்ளிக்கூடப் பேருந்து ஒன்றில் 50 பிள்ளைகள் வருகிறார்கள். உங்களிடம் 4 ஹெட்செட், அதாவது அந்த விஆர் கண்ணாடி. மாட்டி, வாரை இறுக்கி, படம் எட்டு நிமிடம் ஓடி, கழற்றித் துடைத்து அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கப் பத்து நிமிடமாவது ஆகும். 13 சுற்று. இரண்டு மணி நேரத்துக்கு மேல். அதற்குள் ஆசிரியர் பேருந்துக்குக் கூப்பிட்டுவிடுவார். முதல் இருபது பேர் பார்ப்பார்கள், மிச்சப் பேர் வரிசையில் நின்றதை மட்டும்தான் வீட்டில் போய்ச் சொல்வார்கள். போதாததற்கு, 10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பயன்படுத்த வேண்டாம் என்று மெட்டா நிறுவனமே தன் ஹெட்செட்டுக்கு வரம்பு வைத்திருக்கிறது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அதிலேயே அடிபட்டுப்போவார்கள்.

சீனாவில் துன்ஹுவாங் பக்கத்து மொகாவ் குகைகளில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஓவியம் உள்ள குகைகள் மட்டும் 492. நான்காம் நூற்றாண்டில் தொடங்கி ஆயிரம் வருடம் குடைந்து தீட்டியவை. பார்வையாளர் மூச்சும் உப்பும் சேர்ந்து சுவரை அரித்ததால், குகைகளிலிருந்து தள்ளி ஒரு வரவேற்பு மையம் கட்டி 2014-இல் திறந்தார்கள். முதலில் அங்கே வரலாற்றுப் படம். அடுத்து குடை மாதிரி வளைந்த கவிகைத் திரையில், தலையை அண்ணாந்து பார்த்தால் குகைக்குள்ளேயே நிற்கிற மாதிரி இன்னொரு படம். ஒரே நேரத்தில் அரங்கம் நிறைய ஆள் பார்க்கலாம். அதற்குப் பிறகு பேருந்தில் கூட்டிப்போய் ஏறக்குறைய எட்டுக் குகைகளைக் காட்டுகிறார்கள். வழக்கமான சீட்டில் ஒரு நாளைக்கு 6,000 பேர்தான். கண்ணாடி, வரிசை, துடைப்பு ஒன்றும் கிடையாது. பக்கத்தில் நிற்கிற பிள்ளையிடம் ‘அதோ பார்’ என்று கை நீட்டிக் காட்டவும் முடியும். ஹெட்செட்டில் அது முடியாது, ஆளுக்கு ஆள் தனித்தனி.

தஞ்சைக்கும் எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு நடுத்தர அறை, நான்கு சுவரிலும் புரொஜெக்டர், உள்சுற்றின் அதே அகலம், அதே உயரம்.

#3 புள்ளிமேகம்

நான் செய்வது ஸ்கேனிங் வேலை, பெரும்பாலும் கட்டடங்கள். ஹெட்செட்டா திரையா என்று பேசுவதற்கு முன்னால் இன்னொன்றைப் பேச வேண்டும். காட்டுவதற்கு அடியில் என்ன தரவு இருக்கிறது?

பொதுவாக வெளியே பார்க்கிற ‘விஆர்’ 360 டிகிரி கேமராவில் எடுத்த வீடியோதான். நின்ற இடத்திலிருந்து தலையைத் திருப்பலாம், ஓர் அடி முன்னால் வைக்க முடியாது. அதில் அளவு கிடையாது. சுவர் எத்தனை மில்லிமீட்டர் பிதுங்கியிருக்கிறது, எந்த இடத்தில் பூச்சு கழன்று நிற்கிறது, ஒன்றும் சொல்லாது. லேசர் ஸ்கேனர் வேறு சாதி. ஒளியை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டு, கோடிக்கணக்கான புள்ளிகளாகக் கட்டடத்தையே எழுதி வைக்கும். ஓவியத்துக்கு அதோடு போட்டோகிராமெட்ரி வேண்டும், அதாவது ஒன்றன்மேல் ஒன்று பாதிக்கு மேல் படிகிற மாதிரி நூற்றுக்கணக்கில் புகைப்படம் எடுத்து, மென்பொருளில் போட்டு வடிவத்தையும் நிறத்தையும் சேர்த்து எடுப்பது.

தஞ்சை உள்சுற்றில் சிக்கல் என்னவென்றால், பின்னால் நகர இடமில்லை. சுவருக்கு எதிரே நின்றால் முதுகில் இன்னொரு சுவர். அதனால் ஒரே படத்தில் முழுச் சுவரும் எந்தக் கேமராவிலும் விழாது. அகல லென்ஸ் போட்டால் ஓரம் இழுபடும். ஆக, துண்டு துண்டாக எடுத்துத் தைத்துச் சமதளப் படமாக விரிப்பது ஒன்றுதான் வழி. சரியாகச் செய்தால், உள்ளே நேரில் நிற்கிற அறிஞர்கூடப் பார்க்க முடியாத ஒரு காட்சி கிடைக்கும். பத்தடி தள்ளி நின்று மொத்தச் சுவரையும் ஒரே பார்வையில் பார்ப்பது. மேலவீதி அண்ணன் சொன்ன ‘கீழிருந்து மேலாகப் படிக்கிற’ ஓட்டமும் அப்போது திரும்பி வரும். தொழில்நுட்பம் உண்மையாகவே எதையாவது கூட்டித் தருகிறது என்றால் அது இங்கேதான்.

நிறம் இன்னொரு தலைவலி. சுண்ணப் பூச்சில் பழுப்பும் காவியும் பச்சையும் அத்தனை மெல்லிய வேறுபாட்டில் இருக்கும். ஒவ்வொரு தொகுதியிலும் நிற அட்டையை வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும், புற ஊதா இல்லாத விளக்கு வேண்டும், பளபளப்பைக் குறைக்க விளக்கிலும் லென்ஸிலும் போலரைசர் வேண்டும். இதைச் செய்யாமல் எடுத்துவிட்டுக் கணினியில் ‘கொஞ்சம் பளிச்சென்று’ ஆக்கினால் நாம் பார்ப்பது சோழன் வண்ணமில்லை, எடிட் செய்தவர் ரசனை.

#4 திருச்சுற்று

எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் பேசுகிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் அது கருவறையை ஒட்டிய பாதை. பூசை நடக்கிற இடம். அதை அரங்கத்தில் திரையிட்டு, செருப்புக் காலோடு உட்கார்ந்து பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாமா? கோயிலை அருங்காட்சியகமாக்கிவிட்டால் கும்பிடுகிறவனுக்கு அங்கே என்ன இடம்?

இன்னொன்று. கோயிலுக்குள் கைபேசியை நீட்டினால் பழைய தோற்றம் தெரிகிற ஏஆர் செயலி என்று அடிக்கடி அறிவிப்பு வருகிறது. 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யச் சொல்லி உத்தரவு போட்டது. மீனாட்சியம்மன் கோயிலில் 2018-லிருந்தே தடை. அந்தத் தடையை நான் வரவேற்கிறேன். சந்நிதியில் பத்துப் பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் சாமி எங்கே தெரியும்?

#5 மேலவீதி

திருச்சுற்று ஐயா, கைபேசி விஷயத்தில் முழுக்க உங்கள் பக்கம். வழிபாட்டுக் கோயிலுக்குள் ஏஆர் வேண்டாம். நான் கேட்பது கோயிலுக்கு வெளியே, தனி இடத்தில். கருவறையைப் படம்பிடிக்கவும் சொல்லவில்லை, சுற்றுச் சுவர் ஓவியம் மட்டும். அதன் படங்களை விளக்கக்கூடத்தில் ஏற்கெனவே எல்லோரும் பார்க்கிறோம்.

செருப்பு விஷயமும் நியாயம்தான். வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னால் நம்மூரில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தரையில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரியே அமைக்கலாம்.

அந்த ஓவியத்தை வரைந்தவர்கள் தேவாரக் கதையை ராஜராஜன் காலத்து மக்களின் முகத்தோடும் உடையோடும் வரைந்திருக்கிறார்கள். தில்லைக் கூத்தனை நின்று வணங்குகிற கூட்டத்தின் கொண்டை, நகை, ஆடை எல்லாம் பாருங்கள். பக்தர்கள் பார்க்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை, ஆராய்ச்சிக்காரர்கள் மட்டும் இல்லை.

#6 கல்வெட்டுப்பித்தன்

இந்த இழையில் இன்னும் யாரும் தொடாத ஒன்று, ஊகம்.

தஞ்சை ஓவியம் கண்ணெதிரே இருக்கிறது, அதைப் பதிவு செய்வது நேர்மையான வேலை. ஆனால் கேட்பவர்கள் அதோடு நிற்பதில்லை. ‘கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனையை அப்படியே கண்முன் கொண்டுவாருங்கள்’ என்பார்கள். அங்கே மாளிகைமேட்டில் தோண்டியதில் கிடைத்தவை செங்கல் சுவர்களின் அடிப்பகுதி, கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், இன்னும் சில பொருள்கள். ஓடு கிடைத்ததால் கூரை ஓடு வேய்ந்தது என்று சொல்லலாம். சுவர்த் தடிமனை வைத்து உயரத்தைக் கொஞ்சம் யோசிக்கலாம். அதற்கு மேல்? எத்தனை மாடி, தூணில் என்ன வேலைப்பாடு, அரியணை எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, எதுவும் தெரியாது. ஆனால் கணினியில் வெற்றிடம் விட முடியாது என்று நினைக்கிறார்கள், ஏதாவது ஒரு சினிமா செட்டை நிரப்பிவிடுகிறார்கள். ஒரு பிள்ளை அதை ஒருமுறை பார்த்துவிட்டால் அவ்வளவுதான், ஆயுசுக்கும் சோழர் அரண்மனை என்றால் அதுதான் மனதில் வரும். புத்தகத்தில் ‘இருக்கலாம்’ என்று எழுத முடிகிறது. படத்தில் ‘இருக்கலாம்’ என்பதை எப்படி வரைவது?

வழி இருக்கிறது. இதற்கென்றே லண்டன் சாசனம் என்று ஒரு வழிகாட்டு நெறியை 2006-இல் வகுத்து, 2009-இல் திருத்தியும் வெளியிட்டிருக்கிறார்கள். சாரம் இதுதான்: கணினியில் மீட்டெடுக்கிற எந்தப் பகுதிக்கு என்ன ஆதாரம், எது ஊகம், ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்பதை எழுதி வைத்து, பார்ப்பவருக்கும் தெரியச் செய்ய வேண்டும். ஆதாரம் உள்ள சுவர் கெட்டியாகத் தெரியட்டும், ஊகம் வெறும் கோட்டுருவமாகத் தெரியட்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் இன்னொரு வாய்ப்பு, அதாவது இரண்டு மாடிக்குப் பதில் ஒரு மாடி, வரட்டும்.

பிரான்சில் க்ளூனி மடாலயம் நல்ல உதாரணம். 1088-இல் கட்டத் தொடங்கிய மாபெரும் தேவாலயம். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கல்லுக்காக இடித்து விற்றுவிட்டார்கள். இன்று நிற்பது பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அங்கே இடிந்த இடத்திலேயே திரைகளை நிறுத்தியிருக்கிறார்கள். திருப்பினால், நீங்கள் பார்க்கிற அதே திசையில், இருக்கிற சுவர் மேலேயே பழைய கட்டடம் எழும்பி நிற்கும். இருப்பதும் இல்லாததும் பக்கத்துப் பக்கத்தில் தெரிவதால் எது மிச்சம், எது வரைந்தது என்ற குழப்பம் வராது. மாளிகைமேட்டுக்கு நான் கேட்பது அந்த மாதிரி ஒரு திரையைத்தான், அகழ்வுக்குழி ஓரத்தில் நின்று பார்க்கிற மாதிரி.

#7 செண்பகம்

> படத்தில் ‘இருக்கலாம்’ என்பதை எப்படி வரைவது?

கல்வெட்டுப்பித்தன் சார், இதைப் படித்ததும் கொந்தகை முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த மண்டை ஓடுகளை ஸ்கேன் செய்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்து முகவியல் ஆய்வகமும் சேர்ந்து இரண்டு ஆண்களின் முகத்தை 2025-இல் வெளியிட்டார்களே. நான் ஆசிரியை. வகுப்பில் காட்டினேன். பிள்ளைகள் முதலில் கேட்டது ‘டீச்சர், கலர் எப்படித் தெரியும்?’ என்றுதான்! மூக்குத்தண்டு, தாடை, கன்ன எலும்பு இவற்றுக்கு மண்டை ஓட்டில் அடிப்படை இருக்கிறது. தோல் நிறம், கண் நிறம், முடி எல்லாம் இன்றைய தென்னிந்தியர்களைப் பார்த்து வைத்தது என்று விளக்கினேன். உடனே ஒரு பையன், ‘அப்போ முகத்தை மட்டும் கலர் இல்லாம குடுத்திருக்கலாமே’ என்றான். எனக்கு அவன் கேட்டது மிகவும் பிடித்திருந்தது.

ஆக, பிள்ளைகளிடம் ஆதாரம் இது, ஊகம் இது என்று பிரித்துச் சொன்னால் குழம்ப மாட்டார்கள், இன்னும் ஆர்வமாகக் கேட்பார்கள். அருங்காட்சியகக்காரர்கள் இதற்குப் பயப்பட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சித்தன்னவாசல். குடைவரைக் கூரையில் தாமரைக்குளம், மீன், அன்னம், பூப்பறிக்கிறவர்கள் என்று பாண்டியர் காலத்து ஓவியம். குன்றின் மேலே ஏழடிப்பட்டத்தில் சமணர் படுக்கைகளும் தமிழி எழுத்தும். வெயிலில் அந்தப் பாறைப் படியில் ஏற முதியவர்களால் முடிவதில்லை. சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளைக்கு நினைத்தே பார்க்க முடியாது. கூடக்காப்பாளர் ஐயா ஹெட்செட் வேண்டாம் என்கிறார், கூட்டத்துக்கு அது சரிதான். மேலே ஏற முடியாத அந்த ஒரு பிள்ளைக்கு அடிவாரத்தில் ஒரே ஒரு ஹெட்செட் இருந்தால்கூடப் போதும். வரிசையே இருக்காது.

#8 கூடக்காப்பாளர்

செண்பகம் அம்மா சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன். வருகிற எல்லோருக்கும் என்று வாங்கி வைப்பதால்தான் ஹெட்செட் வீணாகிறது. அதுதான் தேவை என்கிற ஆளுக்கு வைத்தால் வீணாகாது. கூரை ஓவியத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறவர்களுக்கும் சேர்த்து.

#9 நல்லூரான்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் எப்படிக் காட்டுவது என்று கதைக்கிறீர்கள். எங்களுக்கு அதற்கு முந்தின கட்டமே இன்னும் முடியவில்லை. 1981-இல் எங்கள் நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றில் ஓலைச்சுவடிகளும் இருந்தன. பிரதி எடுத்து வைக்காத ஏடு எரிந்தால் எரிந்ததுதான். அந்த இழப்பை அறிந்த தலைமுறை நாங்கள் என்பதால்தான் ‘நூலகம்’ என்றே பெயர் வைத்த இணையத்தளம் மாதிரியான எண்ணிம நூலக முயற்சிகளுக்கு இங்கேயும் புலம்பெயர்ந்த இடங்களிலும் இத்தனை பேர் சம்பளம் இல்லாமல் தோள் கொடுத்தார்கள்.

கட்டடங்களிலும் அதே நிலைதான். நல்லூரில் மந்திரிமனை என்ற பழைய மாளிகை சிதைந்துகொண்டே வருகிறது. சங்கிலியன் தோப்பு வளைவு தனியே நிற்கிறது. இவற்றை விஆரில் காட்டுவது பற்றி எனக்கு அவசரம் இல்லை. அடுத்த மாரி மழைக்கு முன்னர் ஆராவது வந்து அளந்து வைத்துவிட்டால் போதும். அளவு இருந்தால் இன்னும் இருபது வருடம் கழித்தும் காட்டலாம். கட்டடம் விழுந்த பிறகு எந்தப் புதுக் கண்ணாடி வந்தும் என்ன பயன்?

#10 புள்ளிமேகம்

நல்லூரான் அண்ணா, இதை நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். பாரிஸ் நோத்ரதாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் 2010-இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து லேசர் ஸ்கேன் செய்து வைத்திருந்தார். நூறு கோடிக்கும் மேல் புள்ளிகள். கட்டியவர்கள் எப்படி யோசித்தார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக அவர் செய்த வேலை அது. 2018-இல் காலமாகிவிட்டார். 2019 ஏப்ரலில் தீப்பிடித்தது. தீக்கு முந்தைய நிலையை அறிய அவருடைய தரவும், வேறு சிலர் கூரை மரச்சட்டத்தை எடுத்து வைத்திருந்த ஸ்கேனும் கைகொடுத்தன. 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். உகாண்டாவின் கசுபி அரச கல்லறைகளை சையார்க் அமைப்பு 2009-இல் ஸ்கேன் செய்தது. அடுத்த வருடமே எரிந்தது.

நமக்கும் தீ தெரியும். 2018 பிப்ரவரி 2, மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபம்.

அதனால் என்னிடம் யாராவது ‘ஐந்து நிமிடம் விஆர் படம் வேண்டும்’ என்று வந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: மூலத் தரவை யார் வைத்துக்கொள்வார்கள்? பெரும்பாலும் பதில் வராது. ஒப்பந்தத்தில் படம் மட்டும் இருக்கும். ஸ்கேன் கோப்பு ஒப்பந்தக்காரரின் ஹார்ட் டிஸ்கிலேயே கிடந்து ஒருநாள் அழியும்.

படத்தின் ஆயுளும் ரொம்பக் குறைவு. ஃப்ளாஷ் மென்பொருளில் செய்த அருங்காட்சியக மெய்நிகர் உலாக்கள் 2020 முடிவோடு செத்தன. கூகுள் கார்ட்போர்டு என்ற அட்டை விஆர் கண்ணாடியின் விற்பனை 2021-இல் நின்றது. அதே வருடம் பள்ளிகளுக்கான விஆர் உலாச் செயலியான கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸும் முப்பரிமாண மாதிரிகளை வைத்திருந்த கூகுளின் ‘போலி’ (Poly) தளமும் மூடப்பட்டன. மைக்ரோசாஃப்ட் ஹோலோலென்ஸ் 2 கண்ணாடியின் உற்பத்தியும் 2024-இல் நின்றுவிட்டது. இதையெல்லாம் நம்பிச் செய்த எத்தனை கோயில், எத்தனை கோட்டை காற்றில் போயிருக்கும்! ஆனால் சாதாரண டிஃப் (TIFF) படமும், எழுத்துக் கோப்பாகச் சேமித்த புள்ளிகளும் பத்து வருடம் கழித்தும் திறக்கும். எந்தப் புதுக் கருவி வந்தாலும் அதிலிருந்து புதுப் படம் செய்துகொள்ளலாம்.

#11 கல்வெட்டுப்பித்தன்

பழைய பதிவின் மதிப்புக்கு நம்மூரிலேயே பெரிய சான்று இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950-களிலிருந்து தமிழகக் கோயில் கோயிலாகப் போய்க் கருப்பு வெள்ளையில் படம் எடுத்து அட்டவணைப்படுத்தி வைத்தது. எடுத்தவர்கள் சிற்பக்கலை ஆய்வுக்குத்தான் எடுத்தார்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசர் திருடுபோய் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் போய் நின்றபோது, ‘இது எங்கள் கோயில் சாமி’ என்று நிரூபிக்க உதவியது அந்தப் படம்தான். 2014-இல் திரும்பி வந்தார். விருத்தாசலம் அர்த்தநாரீசுவரரும் அதே சமயம் வந்தார், அதற்கும் அங்கே படம் இருந்தது.

ஒரே ஒரு தெளிவான புகைப்படம், கூடவே ஊர் பெயரும் தேதியும். விஆரும் இல்லை, ஏஆரும் இல்லை.

#12 திருச்சுற்று

கல்வெட்டுப்பித்தன் சொன்னதைப் படித்தபின் பதிவு செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சாமி வீடு திரும்ப உதவுகிறதென்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் ஒரு சந்தேகம். உற்சவர் சிலையை முப்பரிமாணத்தில் எடுத்து எல்லோரும் இறக்கிக்கொள்கிற மாதிரி இணையத்தில் போட்டால், திருடனே அதை வைத்து அச்சு எடுத்து, போலியை வைத்துவிட்டு அசலைக் கொண்டுபோக மாட்டானா? மூலச் சிலை போய்ப் போலி இருந்த கதையெல்லாம் நாம் கேட்டதுதானே.

#13 புள்ளிமேகம்

சரியான சந்தேகம். இரண்டு அடுக்காக வைக்கலாம். இணையத்தில் போடுவது குறைந்த நுணுக்கத்தில், திருப்பிப் பார்க்க மட்டும், இறக்க முடியாதபடி. முழு நுணுக்கம் துறையின் பதிவேட்டில், அனுமதி பெற்றவர் கைக்கு மட்டும். முழுத் தரவு இருந்தால் போலியைக் கண்டுபிடிப்பதும் எளிது: வார்த்த சிலையில் உளித்தடம், சின்னப் பள்ளம், தேய்மானம் எல்லாம் கைரேகை மாதிரி பதிவாகியிருக்கும். திருவிழாவுக்கு எடுக்கும்போது மறு ஸ்கேன் செய்து ஒப்பிட்டால் மாறியிருந்தால் தெரிந்துவிடும். ஆனால் வெண்கலம் பளபளப்பதால் எடுப்பது கல்லைவிடக் கடினம், அபிஷேக எண்ணெய் இருந்தால் இன்னும் மோசம். குருக்களைக் கலந்துகொள்ளாமல் இதில் இறங்கக் கூடாது.

ஓவியச் சுவரில் இந்தக் கவலை இல்லை. தஞ்சைச் சுவர்களை முழு நுணுக்கத்திலேயே திறந்து வைக்கலாம் என்பது என் கருத்து. துன்ஹுவாங்காரர்கள் 2016-இலேயே 30 குகைகளை இணையத்தில் போட்டுவிட்டார்கள், வீட்டிலிருந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

#14 மேலவீதி

இப்போது எனக்குத் தெளிவாகிறது. நான் கேட்க வேண்டிய வரிசையே வேறு. முதலில் உள்சுற்று முழுவதும் இன்றைய தரத்தில் எடுத்து, நிறத்தோடும் அளவோடும், துறை கையில் மூலத் தரவாக இருக்க வேண்டும். அடுத்து, சமதளமாக விரித்த படம் தமிழ் விளக்கத்தோடு இணையத்தில். சுந்தரர் சுவரில் ஓலை வைத்திருக்கும் கிழவரைத் தொட்டால் அந்தக் காட்சிக்கான பெரியபுராணப் பாட்டு வர வேண்டும். அப்புறம் அரங்கம். ராஜராஜனும் கருவூர்த் தேவரும் என்று பெயரிட்டுப் பரப்புகிற அந்தப் படத்துக்கு மட்டும் ‘இப்படிச் சொல்வோர் உண்டு, மறுப்போரும் உண்டு’ என்று கட்டாயம் போட வேண்டும். ஹெட்செட் வேண்டுமென்றால், படி ஏற முடியாதவர்களுக்கு. துறைக்கு அனுப்ப இதையே ஒரு மனுவாக எழுதுகிறேன். கூடக்காப்பாளர் ஐயா பார்த்துத் திருத்தித் தர முடியுமா?

#15 கூடக்காப்பாளர்

அனுப்புங்கள். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: பராமரிப்புக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும். திறப்பு விழாவுக்கு மட்டும் பணம் ஒதுக்கினால் ஆறாம் மாதம் புரொஜெக்டர் விளக்கு போய், ‘பழுது’ என்று எழுதிய அட்டை தொங்கும். அந்த அட்டையை நான் நிறைய இடத்தில் பார்த்திருக்கிறேன்.

#16 செண்பகம்

புள்ளிமேகம் தம்பி, ஒரு உதவி. எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் வயல் ஓரமாக ஒரு நடுகல் இருக்கிறது. எழுத்து மழையில் கரைந்துகொண்டே வருகிறது. பிள்ளைகளை வைத்து, என்னிடம் இருக்கிற போனிலேயே எடுக்க முடியுமா?

#17 புள்ளிமேகம்

தாராளமாக முடியும் அக்கா. நிலத்துக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம் என்றால் கேமரா முக்காலி வைக்கவே அனுமதி வேண்டும். வெயில் இல்லாத, மேகமூட்டமான நேரமாகப் பாருங்கள், நிழல் விழுந்தால் எழுத்தும் நிழலும் குழம்பும். ஃப்ளாஷ் வேண்டாம், ஜூம் வேண்டாம். கல்லைச் சுற்றி ஓர் அடிக்கு ஒரு படம் என்று மெதுவாக நகருங்கள், ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் முக்கால்வாசி இருக்க வேண்டும். ஒரு சுற்று இடுப்பு உயரத்தில், ஒன்று தலைக்கு மேல், ஒன்று குனிந்து. எழுத்துள்ள பக்கத்தைக் கிட்டப் போய்த் தனியாக. கல்லில் சுண்ணாம்போ மாவோ பூசிவிடாதீர்கள். 30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்றைக் கல் அடியில் வைத்தே எடுங்கள், இல்லையென்றால் அளவு கிடைக்காது. படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருக்கிவிடும், டிரைவில் ஏற்றி இணைப்பை இங்கே போடுங்கள். மெஷ்ரூம் இலவச மென்பொருள்தான், நான் ஓட்டித் தருகிறேன்.

#18 கல்வெட்டுப்பித்தன்

அக்கா, ஊர் பெயரும் எடுத்த தேதியும் சேர்த்துப் போடுங்கள். எழுத்தை நான் படித்துப் பார்க்கிறேன். இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து இரண்டு மூன்று படம் தனியாக எடுத்தால் கரைந்த எழுத்துகூடத் துலங்கும்.